கூடத்தில் ஒரு மேளக்காரன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நமது நண்பர் ஒருவர் நம் இல்லத்துக்கு வந்திருந்தார். காபியை ஆற்றிக்கொண்டே கூடத்துச் சுவரை ஒரு முறை பார்த்தார். அங்கே இராஜா இரவிவர்மாவின் சரஸ்வதி வெகு காலமாக வீற்றிருக்கிறாள். மகாத்மாவின் படமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில நாட்களாக ஒரு புதிய படம் தொங்குகிறது. உடம்பை வளைத்து, தன்னை மறந்து மேளம் அடிக்கும் ஒரு கிராமத்து மேளக்காரனின் படம் அது.

"ஏன் ஸார், சரஸ்வதிக்கும் காந்திஜிக்கும் நடுவில் இவனுக்கு என்ன வேலை?" என்று நண்பர் கேட்டார்.

நந்தலால் போஸ் காங்கிரஸ் மகாசபைக்காக எழுதிய படத்தின் பிரதி அது என்று விளக்கினோம்.

"அப்படியானால் இது அரசியல் அல்லவா? அரசியல் நுழைந்த வீட்டில் கலை தங்காது, ஸார்!" என்று தீர்ப்புக் கூறிவிட்டு, காபியையும் முடித்துக்கொண்டு அவர் விடைபெற்றார்.

அவர் போன பிறகும் அந்தத் தீர்ப்பு நம்மை விடவில்லை. கலைக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் கூடாது என்பது கேட்பதற்கு அழகான கொள்கைதான். ஆனால் சென்ற நூற்றைம்பது வருஷங்களில் ஆசியாவில் தோன்றிய புதிய ஓவியத்தின் சரித்திரத்தைப் புரட்டினால், அரசியலும் சமூக மாறுதலும் கை வைக்காத பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆகவே, கை வைத்ததா இல்லையா என்று வாதிப்பதில் பயனில்லை. அந்தக் கை எப்போது வாழ வைத்தது, எப்போது கழுத்தை நெரித்தது என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

இரண்டு எஜமானர்கள்

பழங்காலத்தில் நம் நாட்டு ஓவியனுக்கு இரண்டு எஜமானர்கள் இருந்தார்கள். ஒன்று கோயில், மற்றொன்று அரண்மனை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவர்களில் வர்ணம் தீட்டியவர்களும், மொகலாயச் சக்கரவர்த்திகளின் சபையில் நுண்ணிய சித்திரங்கள் எழுதியவர்களும் இவ்விரண்டில் ஒன்றை நம்பியே ஜீவித்தார்கள். ஆங்கில ஆட்சி வேரூன்றியதும் அரண்மனைகள் வாடின. சித்திரக்காரனின் அடுப்பும் அணைந்தது.

அதற்குப் பதிலாக ஆங்கிலேயர் கொடுத்தவை சித்திரப் பள்ளிகள். சென்னையில் 1850-இலும் கல்கத்தாவில் 1854-இலும் அவை தோன்றின. கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்புகளைப் பார்த்து வரைவதும், ஐரோப்பியப் படங்களை நகல் எடுப்பதும் அங்கே பெரும் பாடமாக விளங்கின. இந்த முறையில் வந்த எண்ணெய் வர்ணத்தைத் தம் வசமாக்கிக்கொண்டு, நம் புராணக் கதைகளை எழுதிப் புகழ் பெற்றவர் இரவிவர்மா. 1894-இல் பம்பாயில் அவர் அச்சுக்கூடம் ஆரம்பித்த பிறகு, அரண்மனைச் சித்திரம் அச்சு வடிவில் சாதாரணக் குடும்பத்தின் பூஜை அறைக்குள் வந்து சேர்ந்தது. நம் கூடத்துச் சரஸ்வதியும் அந்த வழியாக வந்தவளே. தெய்வங்கள் ஏழை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் ஏழை இன்னும் படத்துக்குள் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இந்தியச் சித்திரத்தை மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவர்களில் ஒருவர் ஓர் ஆங்கிலேயர். ஹாவெல் என்னும் அவர் 1884 முதல் சில ஆண்டுகள் சென்னைச் சித்திரப் பள்ளியில் தலைவராக இருந்தார். நம் கைத்தறி நெசவின் பெருமையையும் எடுத்துப் பேசியவர் அவர். 1896-இல் கல்கத்தாப் பள்ளியை ஏற்றதும் பாடத்திட்டத்தை மாற்றினார்; பிற்பாடு ஐரோப்பியப் படங்களை அகற்றிவிட்டு மொகலாயச் சித்திரங்களை வாங்கி வைத்தார். மாணவர்கள் அவரைக் கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை! அவர்களில் ஒரு பகுதியினர் பள்ளியை விட்டே வெளியேறினார்கள். "மேல்நாட்டு வித்தையை நமக்கு மறைக்கிறார்கள்" என்பது அவர்களுடைய சந்தேகம். அடிமை நாட்டில் சொந்தச் சொத்தைக் கையில் கொடுத்தாலும் சந்தேகத்துடனேயே வாங்க வேண்டியிருக்கிறது.

நான்கு கைகளில் நான்கு பொருள்கள்

ஹாவெலின் அழைப்பை ஏற்று அந்தப் பள்ளியில் உபதலைவராக அமர்ந்தவர் அவனீந்திரநாத் தாகூர். ஐரோப்பிய ஆசிரியர்களிடம் முறையாகப் பயின்று, பிறகு அதில் மனம் ஒட்டாமல் வேறு வழி தேடிக்கொண்டிருந்தவர். அந்த வழியின் ஒரு பகுதி ஜப்பானிலிருந்து வந்தது.

ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா 1902-இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாருடன் நெருங்கிப் பழகினார். ஆசிய நாடுகள் யாவும் ஆத்மாவினால் ஒரே குடும்பம் என்பது அவருடைய சித்தாந்தம். மறு வருஷம் அவருடைய சீடர்களான யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ ஆகிய இரு ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள். ஈரத்தின் மேல் வர்ணத்தைக் கரைத்து, கோடுகளை மூடுபனிபோல் மங்கச் செய்யும் முறையை அவனீந்திரர் அவர்களிடம் கண்டார். அதைத் தம் போக்கில் மாற்றி, எழுதிய காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வர்ணத்தைப் படியச் செய்தார்.

1905-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி வங்காளம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. சுதேசி இயக்கம் மூண்டெழுந்தது. அந்த வருஷத்தில்தான் அவனீந்திரர் 'பாரத மாதா' சித்திரத்தை எழுதினார். காவி உடுத்த ஓர் இளம் துறவி போன்ற பெண், நான்கு கைகள். அந்தக் கைகளில் வாளும் இல்லை, சூலமும் இல்லை. ஏட்டுச் சுவடி, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை ஆகிய நான்கும் இருக்கின்றன. படிப்பு, சோறு, உடை, தர்மம் என்னும் இந்த நான்கைத்தான் அன்று தேசம் கேட்டது. கேட்டதை முழக்கமிட்டுக் கேட்காமல், மெல்லிய வர்ணத்தில் அமைதியாகக் கேட்டது அந்தப் படம்.

நம் பாரதியார் குருவாகக் கொண்டாடிய நிவேதிதா தேவியார் அந்தப் படத்தைக் கண்டு பரவசம் அடைந்தார். கேதாரநாத்திலிருந்து கன்னியாகுமரி வரையில் ஒவ்வொரு உழவன் குடிசையிலும் அதன் பிரதி இருக்க வேண்டும் என்று விரும்பினார். ஆனால் அது ஒரு சிறிய நீர்வர்ணச் சித்திரம். அதன் ரசிகர்கள் கல்கத்தாவின் படித்த கனவான்கள். உழவனுக்காக எழுதப்பட்ட தாய், உழவன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பயணத்தை நடத்தி வைக்க வேறொருவர் வர வேண்டியிருந்தது.

ஹரிபுராவின் வாசல்கள்

அவர்தான் அவனீந்திரரின் சீடர் நந்தலால் போஸ். 1882-இல் பிறந்து, ரவீந்திரநாதரின் சாந்திநிகேதனத்தில் கலாபவனத்தை வளர்த்தவர். 1930-இல் மகாத்மா 78 தொண்டர்களுடன் தண்டியை நோக்கி நடந்தபோது, கோலூன்றி நடக்கும் அந்த உருவத்தைக் கறுப்பிலும் வெள்ளையிலும் செதுக்கி அச்சிட்டார் நந்தலால். நம் நாட்டில் அந்த உருவத்தை அறியாதவர் இலர்.

காங்கிரஸ் மகாசபை நகரத்தில் கூடாமல் கிராமத்தில் கூட வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். 1936 டிசம்பரில் பைஸ்பூரில் அவ்வாறே கூடியது. பந்தல் அலங்காரப் பொறுப்பை நந்தலாலிடம் ஒப்படைத்தபோது, தாம் சித்திரக்காரரே அன்றிக் கட்டடக்காரர் அல்லவே என்று அவர் தயங்கினார். மகாத்மா விடவில்லை. உள்ளூரில் கிடைக்கும் மூங்கிலும் கீற்றும் கொண்டு, கிராமத்தார் பார்த்து மகிழும்படி செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை.

அடுத்து 1938 பிப்ரவரியில் குஜராத்தில் ஹரிபுரா காங்கிரஸ் கூடியது. சுபாஷ் சந்திர போஸ் அக்கிராசனர். நந்தலாலும் அவருடைய மாணவர்களும் சகாக்களுமாகச் சுமார் 400 படங்களை எழுதிக் குவித்தார்கள். நந்தலாலின் கைப்பட எழுதியவை மட்டும் 80-க்கு மேல். கையால் செய்த காகிதம், மண்ணிலிருந்து எடுத்த வர்ணங்கள், வங்காளத்துக் கிராமப் படக்காரர்களைப் போல் தடித்த, வேகமான கோடு — இவ்வளவுதான் முதல். அவற்றை வாசல்களிலும் பந்தல்களிலும் மாட்டினார்கள்.

அந்தப் படங்களில் இருந்தவர்கள் யார்? தேசத் தலைவர்கள் அல்லர். உழவன், தச்சன், செருப்புத் தைப்பவன், நூல் நூற்கும் பெண், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய், மல்லன், வேடன், மேளக்காரன்! லட்சக்கணக்கான ஜனங்கள் அந்த வாசல்களின் வழியாக நடந்தார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. புரிந்துகொள்ளப் பரீட்சை தேறியிருக்க வேண்டியதும் இல்லை. உழவன் தலை நிமிர்ந்து பார்த்தான். மேலே இருந்தவனும் உழவன்.

நண்பர் சொன்ன 'அரசியல்' இதுதான். வாக்கு கேட்கும் வாசகம் ஒன்றும் அப்படங்களில் இல்லை. இந்த நாடு யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் விடை இருந்தது. பிற்காலத்தில் நம் அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை அலங்கரித்தவர்களும் இந்த நந்தலாலும் அவர் சீடர்களுமே. 1950 ஜனவரி 24-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையினர் கையெழுத்திட்டது அந்த ஏட்டில்தான்.

ஷாங்காயில் 6 நாள் பள்ளி

இதே கேள்வி நம் அண்டை நாடான சீனாவிலும் அதே காலத்தில் எழுந்தது. அங்கே அதைக் கேட்டவர் ஓவியர் அல்லர். எழுத்தாளர் லூ சுன். 1931 ஆகஸ்டில் ஷாங்காய் நகரத்தில் 13 இளைஞர்களைக் கூட்டி, 6 நாள் மரச்செதுக்குப் பயிற்சி நடத்தினார். கற்றுக்கொடுத்தவர் உசியாமா என்னும் ஜப்பானியர்; மொழிபெயர்த்தவர் லூ சுன் தாமே.

மரச்செதுக்கு எதற்காக? ஒரு பலகை, ஒரு கத்தி, சிறிது மை இருந்தால் போதும். ஒரு சித்திரம் நூறு சித்திரமாகும். பட்டுத் துணியும் பனிக்கால மலைகளும் பணக்காரர்களுக்கு. பலகையும் கத்தியும் ஏழை மாணவனுக்கு. மரத்தில் செதுக்கி அச்சிடும் வித்தையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்ட சீனா, அதன் புதிய ரூபத்தை ஐரோப்பாவிலிருந்து மீண்டும் பெற்றுக்கொண்டது.

அந்த வருஷம் பிப்ரவரியில், லூ சுன்னுக்கு மகனைப்போல் இருந்த ரௌ ஷி என்னும் இளம் எழுத்தாளரைச் சர்க்கார் சுட்டுக் கொன்றிருந்தது. வெளிப்படையாக இரங்கல் எழுத முடியாத காலம். லூ சுன் என்ன செய்தார்? ஜெர்மானியப் பெண் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் செதுக்கிய ஒரு படத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார். தாய் ஒருத்தி தன் குழந்தையை இரு கைகளாலும் ஏந்தி நீட்டும் படம் அது. கொல்விட்ஸும் முதல் மகா யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்தவர். அறிந்தவர்கள் அறிந்துகொண்டார்கள்.

பின்னர் யேனானில் போய்ச் சேர்ந்த செதுக்குக்காரர்களுக்குக் கிராமத்தார் ஒரு நல்ல பாடம் கற்பித்தார்கள். ஐரோப்பிய பாணியில் முகத்தின் ஒரு பாதியை நிழலாகக் கறுப்பாக்கியிருந்ததைக் கண்டு, "எங்கள் முகத்தில் ஏன் பாதியைக் கறுப்பாக்கினீர்கள்?" என்னும் பொருள்படக் குறைப்பட்டுக்கொண்டார்கள். கூ யுவான் என்னும் செதுக்குக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. தம் படத்தை நிழலின்றி, தெளிவான கோடுகளால் மறுபடியும் செதுக்கினார். புத்தாண்டில் கதவில் ஒட்டும் படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது உடனே பிடித்தது. இங்கே அரசியல் ஓவியனைப் பேச வைத்ததோடு நில்லாமல் கேட்கவும் வைத்தது.

பஞ்சமும் பழுப்புக் காகிதமும்

1943-இல் வங்காளத்தில் வந்த பஞ்சத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. பர்மா ஜப்பானியர் வசம் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. விலை விஷம்போல் ஏறியது. யுத்தமே கண்ணாயிருந்த ஆட்சி ஜனங்களைக் கைவிட்டது. மாண்டவர்கள் சுமார் 30 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள்.

கல்கத்தாச் சித்திரப் பள்ளியில் அப்போது இளம் ஆசிரியராக இருந்த ஜெயினுல் ஆபேதீன், வீதிகளில் விழுந்து கிடந்தவர்களைக் கறுப்பு மையினால் வரைந்தார். காகிதமோ, சாமான் கட்டும் மலிவான காகிதம். தூரிகையின் சில வீச்சுகளில் ஒரு தாயும் குழந்தையும்; பக்கத்தில் காகம். பாரத மாதாவின் கையில் இருந்த நெற்கதிர் இங்கே இல்லை. மூடுபனி வர்ணமும் இல்லை. பசியை மங்கலாக எழுத முடியாது அல்லவா?

சித்தபிரசாத் என்னும் மற்றோர் இளைஞர் மிதுனபுரி ஜில்லாவில் ஊர் ஊராகச் சென்று, கண்டதை வரைந்தும் எழுதியும் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். 5,000 பிரதிகள் அச்சாயின. ஆங்கில சர்க்கார் அவற்றைப் பறிமுதல் செய்து கொளுத்தியது. சித்திரம் வெறும் அலங்காரம் என்றால் அதைக் கொளுத்த இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்வானேன்?

ஜெயினுல் ஆபேதீன் பிற்பாடு டாக்காவில் 1948-இல் சித்திரப் பள்ளி நிறுவினார். வங்காள தேசம் சுதந்திரம் பெற்ற பிறகு, 1972-இல் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை அலங்கரிக்கும் பணியும் அவர் பொறுப்பில் நடந்தது. இரண்டு தேசங்கள், இரண்டு சட்டங்கள், இரண்டையும் அழகு செய்தவர்கள் கல்கத்தாச் சித்திரப் பள்ளியிலிருந்து புறப்பட்டவர்கள்.

நண்பர் பக்கத்து நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு நண்பரின் கட்சியையும் நாம் எடுத்துச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. அரசியலின் கை கழுத்தை நெரித்ததும் உண்டு.

கல்கத்தாவுக்கு வந்த தைக்கானை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1916-இல் ரவீந்திரநாதர் ஜப்பான் சென்றபோது டோக்கியோவில் அவர் வீட்டில்தான் தங்கினார். அந்தப் பயணத்தில் ரவீந்திரர், தேசபக்தி வெறியாக மாறினால் அது மனிதனையே விழுங்கிவிடும் என்று எச்சரித்தார். தோற்றுப்போன நாட்டுக் கவிஞரின் பேச்சு என்று அங்கே பலர் ஏளனம் செய்தார்கள். 24 வருஷங்கள் சென்றன. 1940-இல் தைக்கான் கடலையும் மலையையும் பற்றி 20 படங்கள் எழுதி விற்றார். கிடைத்த பணம் போர் விமானங்களுக்காகப் படைகளிடம் போயிற்று. ஆசியா ஒரே குடும்பம் என்ற கனவோடு கல்கத்தா வந்த தூரிகை, ஆசியர்மீதே குண்டு போட உதவியது. பாரிஸில் பெரும் புகழ் பெற்றிருந்த ஃபுஜிதாவும் சேனைக்காக யுத்தப் படங்கள் எழுதினார்.

சீனாவிலும் அப்படியே. ஏழைக்குக் குரல் கொடுத்த இயக்கம் அரசாங்கமாக அமர்ந்த பின்பு, குரல் ஒன்றே இருக்க வேண்டும் என்றாயிற்று. 1928-இல் ஹாங்சௌ சித்திரக் கல்லூரியின் முதல் தலைவராக விளங்கிய லின் ஃபெங்மியன், 1966-இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின் காலத்தில் தம் படங்களைத் தாமே தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்கினார். அப்படியும் சிறை தப்பவில்லை. அவனீந்திரர் வர்ணம் படிவதற்காகக் காகிதத்தை நனைத்தார். லின் உயிர் பிழைப்பதற்காக நனைத்தார். இதைவிடத் துக்ககரமான காட்சி சித்திரக் கலையின் சரித்திரத்தில் அதிகம் இல்லை.

ஆகவே நமது அபிப்பிராயம் இது: ஜனங்களைப் பார் என்று அரசியல் ஓவியனிடம் சொன்னபோதெல்லாம் கலை வளர்ந்தது. என்னைப் பார், என்னை மட்டும் எழுது என்று அதிகாரம் சொன்னபோதெல்லாம் கலை வாடியது. இரண்டுக்கும் 'அரசியல்' என்று ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

சென்னைவாசிகளுக்கு இதற்கு ஓர் உதாரணம் வெகு அருகில் இருக்கிறது. அவனீந்திரரிடம் பயின்ற தேவிபிரசாத் ராய் சௌதுரி 1929-இல் சென்னைச் சித்திரப் பள்ளியின் தலைமையை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அவர் செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாக் கடற்கரையில் நிற்கிறது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர், எந்தக் குலம் என்று ஒரு குறிப்பும் கிடையாது. அரசர்களுக்கும் கவர்னர்களுக்கும் சிலை வைத்துப் பழகிய நகரத்தில், பெயரில்லாத நால்வருக்கு இடம் கிடைத்தது சிறிய மாறுதல் அன்று.

இவ்வளவையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பரிடம் சொல்லலாம் என்று நாம் மனத்தில் தயாரித்து வைத்திருந்தோம். ஆனால் அதற்குள் நம் வீட்டிலேயே விஷயம் முடிந்துவிட்டது. காலையில் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நம் சிறு பெண், படத்தின் எதிரே நின்று, "அப்பா, இவர் யார் வீட்டுக் கல்யாணத்தில் வாசிக்கிறார்?" என்று கேட்டாள்.

நண்பர் 'இவன்' என்றார். நாமும் இந்தக் கட்டுரை முழுவதும், தலைப்பு உட்பட, 'மேளக்காரன்' என்றே எழுதியிருக்கிறோம். குழந்தை 'இவர்' என்றாள். நந்தலால் அந்தப் படத்தை ஹரிபுராவின் வாசலில் எதற்காக மாட்டினாரோ, அது நம் வீட்டுக் கூடத்தில் அன்று காலை நிறைவேறியது. படம் அங்கேயே இருக்கட்டும் என்று தீர்மானித்துவிட்டோம்.